கெல்லி கோபுரமும் நம் அடுக்குமாடியும்

ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்குப் போகும் வழியில், ராயா ஆற்றுக்கு அப்பால் மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தலைகாட்டும். அதுதான் கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய வேலை. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கொத்தனார்கள் மதராஸிலிருந்து வந்தார்கள். விஷக் காய்ச்சலில் வேலையாட்கள் மடிந்தபோது, அவர்கள் கேட்டபடி பக்கத்திலேயே மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. தெய்வங்களுக்கு நடுவே துரையின் உருவமும் அங்கே நிற்கிறது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை முடியாமலே நின்றுவிட்டது.

ஆவி நடமாட்டக் கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை விட்டுவிட்டுக் கட்டடத்தின் வடிவத்தைப் பாருங்கள். தாழ்வான, அகன்ற வீடு. அதோடு ஒட்டி, மின்தூக்கிக்கு இடம்விட்ட ஆறு மாடிக் கோபுரம். நிலம் ஆடினால் கனமான வீடு விறைப்பாகக் குலுங்கும். ஒல்லியான கோபுரம் தன் போக்கில் மெதுவாக அசையும். இரண்டும் சேரும் இடத்தில்தான் இழுபறி. இது செங்கல் கட்டடம் என்றாலும், ஒழுங்கற்ற வடிவம் என்று பொறியாளர்கள் சொல்வது புரிய இதைவிட நல்ல பாடம் பேராவில் இல்லை.

இன்றைய கான்கிரீட் அடுக்குமாடிகளில் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. மேலே வீடுகள், சுவர்கள். கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள். மேல்மாடிகள் ஒரு பெட்டிபோல் சேர்ந்து நகர, வளைவு முழுவதையும் அடிமாடித் தூண்களே தாங்க வேண்டும். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படித் தூண்மேல் நின்ற குடியிருப்புகள் பல சரிந்தன. ‘எல்’ வடிவக் கட்டடத்துக்கு இன்னொரு தொல்லை. மின்தூக்கிச் சுவர்கள் ஒரு மூலையில் இருந்தால் அந்த மூலை அசையாது, எதிர்மூலை சுழலும். நேராக ஆட வேண்டிய கட்டடம் முறுக்கிக்கொள்ளும். கோடித் தூண்களுக்குத்தான் அடி.

“நமக்கேது நிலநடுக்கம்?” என்று கேட்பவர்கள் உண்டு. சுமத்திராவின் பெரும்பிளவு ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வரும்போது வேகமான அதிர்வுகள் தேய்ந்துவிடும். நீண்டு மெதுவாக ஆடும் அலைகள்தான் வந்து சேரும். பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். உயரம் கூடக்கூட நேரமும் கூடும். அதனால்தான் தரைவீட்டுக்காரர் ஒன்றும் அறியாதபோது மேல்மாடிக்காரர் விளக்கு ஊசலாடுவதைப் பார்க்கிறார். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது, தீபகற்ப மேற்குக் கரையில் உயரக் கட்டடங்களிலிருந்து மக்கள் இறங்கி ஓடினார்கள்.

நிலமும் சேர்ந்துகொள்ளும். 1985இல் மெக்சிகோ நகரம் மையத்திலிருந்து 350 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் நொறுங்கியது. பழைய ஏரிச் சேறு, அலையைப் பெருக்கிவிட்டது. கிந்தா சமவெளி அப்படிப்பட்ட ஏரி அல்ல. ஆனாலும் ஈயம் அலசிக் கழித்த மணலும் சேறும் நிரம்பிய நிலம் இங்கே ஏராளம். அதன் மேல் கட்டும்போது கடைக்கால் எதுவரை போகிறது என்பது சின்ன விஷயமில்லை.

பலகைச் சுவரும் தகரக் கூரையுமான லயத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று பத்தாவது மாடியில் வீடு பார்க்கிறார்கள். சமையலறைக் கல்லின் நிறத்தைக் கேட்கிறோம். கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் உண்டு. நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கு மலேசியத் தரநிலையின் தேசிய இணைப்பு வந்ததே 2017இல்தான். அதைப் பின்பற்றிக் கணக்குப் போட்டார்களா? அடிமாடியில் சுவர் எங்கே இருக்கிறது? மண் சோதனை அறிக்கை என்ன சொல்கிறது? விற்பனையாள் பதில் தெரியாமல் விழித்தால், பொறியாளரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்து காஜாவிலிருந்து தெற்கே இறங்கினால் தெலுக் இந்தான். 1885இல் எழுந்த சாய்ந்த கோபுரம் அங்கே இருக்கிறது. வெளியே எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றுதான். அது சாய்ந்ததற்கு எந்த நிலநடுக்கமும் காரணமில்லை, அடியில் இருந்த இளகிய மண்தான்.