வுழு நிற்காத வீடு

பூனையைப் பற்றி நமது பக்கங்களில் எத்தனையோ கவிதைகள் வந்துவிட்டன. மதிலில் நடக்கிற பூனை, நிலவைப் பார்க்கிற பூனை, இடம்பெயர்ந்து போனவர்களின் வீட்டில் தனித்து நிற்கிற பூனை. பூனையின் வயிற்றை யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. எழுதக் கூச்சமான சங்கதிதான். எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அதற்கு வாயு. இதைச் சொல்லப் போனால் உம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். உம்மாவிடம் கேட்டேன். "எழுது, என்ட பேரப் போடாத" என்றா.

கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே நெருக்கியடித்துக் கொண்டு காத்தான்குடி. வாவி என்பது எழுத்தில்தான், பேச்சில் எங்களுக்கு அது ஆறு. இரண்டு பக்கத்திலிருந்தும் மீன் வருகிற ஊரில் பூனை வளர்ப்பதற்கென்று யாரும் மெனக்கெடுவதில்லை. மீன் கழுவுகிற இடத்துக்கு அதுவாக வரும், செதிலையும் குடலையும் தின்னும், போகும். வீட்டுக்குள் படுக்கிற பூனை வேறு வகை. அதற்கு யாராவது ஒருவர் தேவை.

2020 ஜனவரி நடுவில் வாப்பா மௌத்தானார். உம்மா இத்தாவுக்குப் பின்னறையில் இருந்தா. நான்கு மாதமும் பத்து நாளும். ஒரு கிழமை போயிருக்கும், ஜன்னல் வழியாக ஒரு குட்டி உள்ளே வந்து உம்மாவின் சேலைத் தலைப்பில் படுத்துக் கொண்டது. சிவப்புச் சீனி நிறம். ஆதலால் சீனி. பார்க்க வந்த பக்கத்து வீட்டு மூத்தம்மா, "கடுவனா பொட்டையா?" என்று கேட்டா. இத்தா இருக்கிற அறைக்குள் ஆண்பிள்ளைக் குழந்தை வரலாமா, ஆண் பல்லி வரலாமா என்றெல்லாம் நம் பெண்கள் கேட்டுப் பழகிய கேள்விதான். கடுவன் என்றதும் மூத்தம்மாவின் முகம் மாறியது. வாப்பா போன பிறகு உம்மா முதல் தடவையாகச் சிரித்தது அன்றுதான்.

மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு. உம்மா இத்தாவில் இருக்க, இப்போது நாடும் இத்தாவுக்குள் போயிற்று. கதவு தட்ட ஆளில்லை, பேச ஆளில்லை. சீனியோடு உம்மா பேசிக்கொண்டிருப்பது சமையலறைக்குக் கேட்கும். அவவின் தேத்தண்ணிக் கோப்பையில் பாதி அதற்கு. ஊறவைத்த பாண் துண்டும் பால்மாவும் தின்று அது உருண்டது.

அந்த வருஷம் நோன்புக்குப் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. தராவீஹ் வீட்டில்தான். எட்டா இருபதா என்ற ஊர்ச் சண்டைக்குள் நான் போகவில்லை. இவர் முன்னால் நின்று தொழுவித்தார், பின்னால் மகன், அதற்குப் பின்னால் உம்மாவும் நானும் மகளும். உம்மாவின் தொழுகைப் பாயின் ஓரத்தில் சீனி.

பூனையின் காற்றுக்குச் சத்தம் கிடையாது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் மீன் பாடும் என்று உலகத்துக்குச் சொல்கிற ஊர்க்காரர் நாங்கள். பாடுகிற மீனைத் தின்கிற பூனை மட்டும் ஓசையில்லாமல் காரியம் பார்க்கிறது. இரண்டாவது ரக்அத்தில் அந்த வாடை எழும்பியது. அழுகிய முட்டை என்று சொன்னால் முட்டைக்கு அவமரியாதை. ஸலாம் கொடுத்ததும் மகன் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தான், அவள் என்னைப் பார்த்தாள், நான் யாரையும் பார்க்கவில்லை. உம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எழும்பிப் பைப்படிக்குப் போய் மறுபடி வுழுச் செய்து வந்தா. அன்று அப்படி இரண்டு தரம். அடுத்தடுத்த நாளும்.

தொழுகையில் ஏதோ நடந்துவிட்டதுபோல் தோன்றுகிற மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டதும், சத்தத்தைக் கேட்கும்வரை அல்லது வாடையை உணரும்வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதும் புகாரியில் இருக்கிறது. உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் நீக்கிவிடாது என்ற சட்ட விதியின் வேர் இங்கேதான். இமாம் ஸுயூத்தி தமது 'அல் அஷ்பாஹ் வந் நளாயிர்' நூலில் பிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்றாக இதை வைத்திருக்கிறார். மனிதனை வீண் சந்தேகத்திலிருந்து காப்பாற்ற வந்த சலுகை. சீனி படுத்திருக்கிற வீட்டில் வாடை அத்தாட்சியாகாது என்றும், சந்தேகத்தின் பலன் தொழுகிறவருக்கே என்றும் இவர் தீர்ப்புச் சொன்னார். உம்மா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. பைப்படிக்குப் போய்வந்து கொண்டிருந்தா.

பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் இவருக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது. கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பூனையைத் துரத்தச் சொல்லி நேரே சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. அதுவும் வந்த குடி, இவரும் வந்த குடி. "சாக்குல கட்டி மீன் சந்தைப் பக்கம் உட்டா பிழைச்சிக்கும்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஊரில் நடப்பதுதான். சந்தையடியில் திரிகிற பூனைகளில் பாதி இப்படிச் சாக்கில் வந்தவை.

உம்மா சண்டை பிடிக்கவில்லை. "அவன் போனா நான் யாரோட கதைக்கிற?" என்று மட்டும் கேட்டா.

பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். தூங்குகிற பூனைக்காக நபியவர்கள் அங்கியின் கையை அறுத்தார்கள் என்ற கதையையும் மேடைகளில் கேட்டிருப்போம். அழகான கதை. ஆனால் ஹதீஸ் நூல்களில் அதற்கு ஆதாரமில்லை. எனக்குப் பிடித்தது அபூ கதாதா (ரலி) அவர்களின் சம்பவம். மருமகள் கப்ஷா அவருக்கு வுழுவுக்குத் தண்ணீர் வார்க்கிறார், பூனை வருகிறது, பெரியவர் பாத்திரத்தைச் சரித்து அதைக் குடிக்க விடுகிறார். மருமகளின் பார்வையைக் கண்டு, அது அசுத்தமல்ல, உங்களைச் சுற்றித் திரிகிறவற்றில் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துச் சொல்கிறார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. வீட்டில் பெரியவர்களும் பூனையும் வுழுத் தண்ணீரும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

சாக்குக்குப் பதிலாக ஒரு காட்போட் பெட்டியில் சீனியை வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகிய கை. பூனையின் வாயுவுக்கென்று யாரும் வந்ததில்லை போலும், சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகக் கேட்டார், என்ன கொடுக்கிறீர்கள் என்று.

பால் என்றதும் நிறுத்தச் சொன்னார். தாயிடம் குடிப்பது நின்ற பிறகு பெரும்பாலான பூனைகளின் குடலில் லக்டேஸ் என்ற நொதியம் குறைந்துவிடும். அது இல்லாமல் பாலிலுள்ள லக்டோசு சமிபாடடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய் பற்றீரியாவுக்கு இரையாகி நொதிக்கும், காற்றாகும். அந்தக் காற்றில் பெரும்பகுதிக்கு மணமே கிடையாது. ஐதரசன் சல்பைட்டு போன்ற கந்தகச் சேர்வைகள் மிகச் சிறு அளவில் கலந்திருப்பதுதான் ஆளை எழுப்புகிறது. பருப்பு, கௌபி, கடலை எதுவும் ஆகாது. அவற்றிலுள்ள சில வெல்லங்களைச் சமிக்க மனிதனுக்கே நொதியம் இல்லை. பூனை முழு ஊனுண்ணி, அதன் உமிழ்நீரில் மாப்பொருளை உடைக்கிற அமிலேசுகூட இல்லை. அவசரமாக விழுங்கினால் காற்றையும் சேர்த்து விழுங்கும். வெங்காயமும் உள்ளியும் போட்ட ஆணம் வாயுவை விடப் பெரிய ஆபத்து, செங்குருதிக் கலங்களையே சிதைத்துவிடும். பூச்சிக் குளிசை ஒன்று தந்தார். ஆணம் சேராமல் அவித்த மீனை முள் எடுத்து, சிறிது சிறிதாக, நாளுக்கு மூன்று நாலு தரம் கொடுக்கச் சொன்னார்.

இன்னொன்றையும் பின்னாளில் வாசித்தேன். பூனைக்கு இனிப்பே தெரியாதாம். இனிப்பை உணர்கிற ஏற்பியின் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடப்பதை பிலடெல்பியாவிலுள்ள மொனெல் நிலையத்து ஆய்வாளர்கள் 2005இல் கண்டு எழுதியிருக்கிறார்கள். எங்கள் சீனிக்குச் சீனி தெரியாது. உம்மாவிடம் சொன்னபோது, "பாவம், அதான் தேத்தண்ணிக்கு இனிப்புக் கூடக் கேக்குது" என்றா.

பத்து நாளில் வீடு தெளிந்தது. 2021 முழுக்க ஒரு குறையுமில்லை.

2022இல் எல்லாம் தட்டுப்பாடு. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. கடல் மீன் குறைய ஆற்று மீனுக்கும் விலை ஏறியது. சூடை மீன்கூட யோசித்து வாங்குகிற சாமான் ஆயிற்று. பால்மாவுக்கு வரிசை. இவர் விடியப்புறம் போய் நின்று ஒரு பக்கற் கொண்டு வந்தால் அது திருநாள். உம்மா மெலிந்துகொண்டு போனதால் கிளினிக்கில் பாலும் பருப்பும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் குறைத்து உம்மாவுக்கு இஷாவுக்குப் பிறகு ஒரு கோப்பைப் பால், பகலில் ஒரு கிண்ணம் பருப்பு. உம்மாவின் எடை ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து சீனி பழைய வித்தையைத் தொடங்கியது.

முதலில் எலி தின்றிருக்கும் என்றோம். பூச்சியாக இருக்கும் என்று மறுபடி குளிசை கொடுத்தோம். இவர்தான் கண்டுபிடித்தார். பகலில் தின்பது அவித்த மீன் வால் ஒன்று, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்படியிருக்க வாடை இரவு பத்து மணிக்குப் பிறகுதான், அதுவும் உம்மாவின் அறைப் பக்கமிருந்து வருகிறது. "பால் குடிச்ச வாடைதான் இது" என்றார், மீன் வாங்குகிறவர் செவுளைப் பார்த்துச் சொல்வதுபோல.

நான் அறைக்குள் போனபோது கோப்பை நிலத்தில் இருந்தது. சீனி தலையை உள்ளே விட்டிருந்தது. கட்டிலுக்கடியில் பருப்புச் சோற்றின் கிண்ணம், நக்கித் துடைத்து. உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. வெகுநேரம் பேசவில்லை.

"பாலக் குடிச்சா வகுறு ஊதும் மகள். பருப்பும் அப்படித்தான். வுழு நிக்காது. ராவைல பைப்படிக்கு எத்தின தரம் எழும்பிப் போற? முழங்கால் ஏலாது. மருமகன் முன்னால நின்டு தொழுவிக்கக்குள்ள நான் பின்னால நின்டு..." அதற்கு மேல் சொல்லவில்லை.

2020 நோன்பில் உம்மா தலைகுனிந்து போய்வந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பூனையின் மேல் போட்ட பழியில் பாதி உம்மாவுடையதாம். அல்லது உம்மா அப்படி நம்பியிருக்கிறா. யாருடையது என்று அவவுக்கே நிச்சயமில்லை, அதுதான் வேதனை. வாயுவுக்குப் பயந்து பாலை விட்டா, பருப்பை விட்டா, பிறகு இரவுச் சாப்பாட்டையே விட்டா. வீணாக்கினால் பாவம், கொட்டினால் நான் காண்பேன், ஆகவே சீனிக்கு. சீனி தின்றது உம்மாவின் பங்கு. சீனியின் காற்று உம்மாவுக்கு வரவேண்டிய காற்று.

லக்டேஸ் வற்றிப்போவது பூனைக்கு மட்டும் உரியதல்ல. உலகத்தில் வளர்ந்த மனிதர்களில் பெரும்பாலானோருக்கும் அது குறைந்துவிடுகிறது, நம் பக்கத்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. வுழு நிற்கவே நிற்காதவருக்கு பிக்ஹில் சலுகை உண்டு. வக்து வந்த பிறகு வுழுச் செய்து அதைக் கொண்டு அந்த பர்ளைத் தொழலாம், இடையில் பிரிந்தாலும் குற்றமில்லை. ஆனால் தொழுது முடிக்கிற அளவுகூட இடைவெளி கிடைக்காதவருக்கே அது. உம்மாவின் நிலை அதுவல்ல. உம்மாவுக்கு வேண்டியிருந்தது பத்வா அல்ல, பக்கத்தில் ஒரு பைப்.

இந்தச் சங்கதியை எந்த மஜ்லிஸில் பேசுவோம்? வுழுவை முறிப்பவை என்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு வரிசையாக மனனம் செய்விக்கிறோம். அறுபது எழுபது வயதான ஒரு பெண்ணின் உடம்பில் அது எப்படி நடக்கிறது, அதற்குப் பயந்து அவ எதை உண்ணாமல் விடுகிறா என்று யாரும் கேட்பதில்லை. மருமகன் இருக்கிற வீட்டில் அவ வாயைத் திறக்கப் போவதுமில்லை.

இவரிடம் நான் முழுக்கச் சொல்லவில்லை. "உம்மாவுக்குப் பால் ஒத்துக்குதில்ல" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மேசன் ஒருவரைக் கூட்டிவந்து, உம்மாவின் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து வுழுச் செய்கிற உயரத்தில் ஒரு பைப்பும் சீமெந்துத் திண்ணையும் கட்டுவித்தார். சீமெந்து விற்ற விலைக்கு அந்த வருஷம் அது பெரிய வேலை. பாலுக்குப் பதிலாக எருமைத் தயிர் கொடுத்துப் பார்த்தோம். தயிராகும்போது லக்டோசில் ஒரு பங்கு கரைந்துவிடுவதால் உம்மாவின் வயிறு அதை ஏற்றுக்கொண்டது. பருப்பை நெடுநேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கொஞ்சமாக. நாலு மாதத்தில் உம்மாவின் கன்னம் பழையபடி வந்தது. சீனி கொஞ்சம் இளைத்தது.

இப்போது மீன்காரர் செதிலும் குடலும் தனியாக ஒரு பையில் கட்டி வைக்கிறார். "மாமிட பூனைக்கு" என்று இவரே கேட்டு வாங்கி வருகிறார். வீட்டுக்கு வந்து அவித்துக் கொடுப்பதும் அவர்தான், எனக்கு அந்த வேலை இல்லை.

ஆனாலும் கல்யாண வீட்டுச் சோறு வந்தால் காவல் உடைந்துவிடும். போன மாதம் இரவு எல்லோரும் ஹோலில் இருக்கையில் அந்த வாடை மெல்ல எழும்பியது. இவர் எழும்பி ஜன்னலைத் திறந்தார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் காட்டினார்கள். உம்மா தஸ்பீஹை நிறுத்தி, மருமகனைப் பார்த்து, "தம்பி, இது நான் இல்ல" என்றா.