லாரித் தண்ணியும் அக்கா வீட்டுக் கிணறும்

போன வாரம் தண்ணி லாரிக்காரர் ஒருத்தர் எங்க கிணத்தடிக்கே வந்துட்டார். "அண்ணே, மோட்டாரைப் போட்டு விடுங்க. தினமும் பத்து லோடு எடுத்துக்கிறேன், காசு கையில." ஒரகடம் பக்கத்துல நெல்லு போடுறதை விட தண்ணி விக்கிறதுல லாபம் அதிகம். பையன் "கொடுத்துடலாம்பா"ன்னான். நான் ரெண்டு நாள் டயம் கேட்டேன். காரணம் எங்க அக்கா.

அக்காவை மீஞ்சூர் பக்கம் கட்டிக் கொடுத்தோம். பள்ளிக்கூட லீவுல போனா அவங்க கிணத்துத் தண்ணியைத்தான் குடிப்போம். கொஞ்ச வருஷத்துல அது கரிக்க ஆரம்பிச்சது. பருப்பு வேகல, நாத்து நுனி கருகுச்சு. கடைசியில குடிக்கக் குடம் தூக்கிட்டு அலைஞ்சாங்க.

கடலோர மண்ணுல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதக்குது. நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நின்னா, கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அமுக்கி வைக்கும். அந்த 1 அடியை உறிஞ்சிட்டா உப்பு மேலேறி வந்துடும். மீஞ்சூர்ல நகரத்துக்கு, தொழிற்சாலைக்கு, வயலுக்குன்னு எல்லாரும் இறைச்சோம். கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துடுச்சு. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987ல சட்டம் வந்தும், போன தண்ணி திரும்பல. 2010ல அதே மீஞ்சூர் பக்கம், காட்டுப்பள்ளியில, தினமும் 10 கோடி லிட்டர் கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை வந்தது. சும்மா கிடைச்சதை உப்பாக்கிட்டு, இப்போ காசு கொடுத்து உப்பை எடுக்குறோம்.

"நம்ம ஊருக்குக் கடல் எங்கப்பா வரப்போகுது?"ன்னான் பையன். நியாயம்தான். இங்க உப்பு வராது, கிணறுதான் வத்தும். அவசரத்துல இறைச்சா ரெண்டு இடத்துலயும் நஷ்டம் ஊருக்குத்தான். ஃபேக்டரிக்கு வேற வழி இருக்கு. சென்னைக் கழிவுநீரைக் கோயம்பேட்டுல சுத்தம் பண்ணி, 2019ல இருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில அனுப்புறாங்க. தினமும் 4.5 கோடி லிட்டர் சுத்தம் பண்ணக்கூடிய ஆலை அது. அந்த மாதிரி இன்னும் நாலு வந்தா எங்க கிணத்தடிக்கு லாரி வராது.

லாரிக்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். காசு போனதுல பையனுக்கு இன்னும் கோவம். அந்த லாரி இப்போ பக்கத்து வயல் கிணத்துல நிக்குது. எங்க ரெண்டு கிணத்துக்கும் ஊத்து ஒண்ணுதான்.