வீட்டு ஜெபத்தில் ஒரு சொல்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்திற்கு நாங்கள் குடிவந்தபோது பாத்திரபண்டங்களோடு ஒரு வேதாகமமும் வந்தது. அட்டை கிழிந்து, ஓரம் பழுப்பேறிய அந்நூல் எங்கள் தாயாருடையது. நாள்தோறும் இரவு ஜெபத்தில் அதிலிருந்து ஓர் அதிகாரத்தை முறைவைத்து வாசிப்போம். சென்ற ஆண்டு ஜனவரியில், ஆதியாகமம் முதல் அதிகாரம் மகளின் முறைக்கு வந்தது. அவள் மலையாள வேதாகமத்தை எடுத்து வந்தாள். பள்ளியிலும் ஞாயிறு பள்ளியிலும் அவள் கற்றது மலையாளமே.

"தெய்வம்" என்று அவள் வாசித்ததும் தாயார் கண் திறந்தார்கள்.

"நம்முடைய வேதத்தில் தேவன் என்றல்லவா இருக்கிறது, மக்களே?"

மலையாள வேதாகமத்தில் அச்சொல்லே வழக்கு. ஆனால் எண்பது ஆண்டுப் பழக்கமுடைய செவிக்கு அது வேற்று ஜெபமாகப் பட்டது. ஞாயிறன்று ஆலயம் விட்டபின் நண்பர்களிடம் இதைச் சொல்லப்போக, பெரிய வாதமாகிவிட்டது. வேதச் சொல்லை மாற்றலாகாது என்றார் ஒருவர். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "கடவுள்" என்றிருக்கிறதே என்றார் மற்றவர். குரல்கள் உயர்ந்தன; தேநீர் ஆறிப்போயிற்று.

உண்மையில் தமிழ் வேதாகமம் இச்சொல்லில் ஒருபோதும் நிலைத்து நின்றதில்லை. 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறிய புதிய ஏற்பாட்டில் சீகன்பால்கு ஐயர் "சர்வேசுரன்" என்றார். பின்வந்த பப்ரிசியஸ் "பராபரன்" என்றார். 1871-இல் வெளிவந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பே "தேவன்" என்பதை நிலைநாட்டிற்று. அதற்கு முன்னரே, ரேனியஸ் ஐயர் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தியபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். எங்கள் ஆலய வாசலில் நடந்த சண்டை ஏறக்குறைய இருநூறு ஆண்டுப் பழமையுடையது!

ஆயினும் எங்களை உறுத்தியது வேறு. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லை பிரிந்ததால் பிள்ளைகள் தமிழ் இழந்தார்கள் என்று நாங்கள் மேடைதோறும் பேசியதுண்டு. மகளுக்கோ ஓர் அரிச்சுவடி வாங்கிக் கொடுக்கவில்லை. எல்லைக் கோடு எங்கள் கூடத்தின் நடுவே ஓடியதற்கு எந்த அரசாங்கமும் காரணமன்று.

வழி கண்டவர் தாயாரே. கண்புரையால் அவர்களுக்கு எழுத்துத் தெரிவதில்லை, அதிகாரங்களோ மனப்பாடம். பேத்தி முதலில் மலையாளத்தில் ஒரு வசனம் வாசிப்பாள். தாயார் அதையே தமிழில் சொல்ல, அவள் பழைய நூலில் விரல் வைத்துத் தொடர்வாள். "தெய்வம்" குறித்துப் பின்னர் அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுத்துகள் மெல்லமெல்லப் பிடிபட்டன.

இவ்வாண்டு ஜனவரியில் மீண்டும் ஆதியாகமம் வந்தது. மலையாள நூல் அலமாரியிலேயே இருந்தது. மகள் தமிழில் தானே தொடங்கினாள். மலையாளத்தில் மெலிந்த ஒலிக்குத் தனியெழுத்து உண்டு. தமிழில் இரண்டிற்கும் ஒரே தகரம். ஆகவே "தேவன்" என்பதை "தேங்காய்" என்பதன் முதலெழுத்தைப் போல அழுத்திப் படித்தாள். அதிகாரம் முழுதும் அப்படியே. திருத்த நாங்கள் வாயெடுத்தோம். தாயார் கையமர்த்தினார்கள்.