உரியாத பெயிண்ட்

வையம்பட்டி, ஏப்ரல் 5

1942-இல் இதே தேதி ஈஸ்டர் ஞாயிறு. அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக 36 ஸீரோ சண்டை விமானங்கள் வந்தன. நான்காம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பியதும் அந்த நாட்களில்தான். நம் பாட்டன்மாரை ஊரைவிட்டுக் கிளப்பிய போரின் விமானத்தை மாடலாகச் செய்யும்போது, அது அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஜப்பானிய விமானம் என்றாலே வெள்ளித் திட்டுகள் தெரியப் பெயிண்டை உரித்துக் காட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. ஏப்ரல் 1942-இன் ஸீரோவுக்கு அது பொருந்தாது.

பெயிண்ட் உரிந்து தெரியும் படங்களில் பெரும்பாலானவை வேறு விமானங்களுடையவை. ஜப்பானியத் தரைப்படை விமானங்கள் பலவற்றில் வெறும் அலுமினியத்தின் மேலேயே பச்சை அடித்தார்கள். அது பாளம் பாளமாகக் கழன்றது. 1943-இல் ரபவுல் போன்ற தீவுத் தளங்களில் ஸீரோக்களுக்கும் அவசரமாகப் பச்சை பூசினார்கள். அது உரிந்தபோதும் அடியில் தெரிந்தது பழைய சாம்பல் நிறமே. கப்பலில் வந்த ‘மாடல் 21’ வகை ஸீரோவிலோ பளபளப்பான சாம்பல் பூச்சுக்கு அடியில் செம்பழுப்புப் பிரைமர் இருந்தது. விமானச் சிதைவுகளில் அது இன்றும் தெரிகிறது.

ஏப்ரல் 9

இந்தத் தாக்குதல்களுக்கு வந்த அகாகி விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் பேர்ல் ஹார்பர், டார்வின் என்று மாதக்கணக்கில் உப்புக்காற்றில் அலைந்தவை, பெயிண்ட் எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உப்புக்காற்று அரிக்கும் என்பதால்தானே கடற்படை பூச்சில் அத்தனை அக்கறை காட்டியது? கப்பலின் உள்தளத்தில் நிறுத்திப் பராமரிக்க மெக்கானிக்குகளும் இருந்தார்கள். அளவையும் பார்க்க வேண்டும். 1/48 மாடலில் 12 மீட்டர் இறக்கை 25 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. உரிந்ததுபோல் காட்ட ஸ்பான்ஜால் ஒற்றும் ஒரு மில்லிமீட்டர் வெள்ளிப் புள்ளி, நிஜ விமானத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஓட்டை மாதிரி. அப்படி நூறு புள்ளி வைத்தால் அது பறந்த விமானம் இல்லை, காயலான் கடைச் சரக்கு.

உரிக்காவிட்டால் மாடல் பொம்மைபோல உயிரற்று நிற்கும் என்பது அடுத்த வாதம். உழைத்த விமானத்தின் அடையாளம் புகையிலும் எண்ணெயிலும் இருக்கிறது. மாடல் 21-இல் எஞ்சின் புகை பக்கத்துக்கு ஒரு குழாய் வழியாகக் கீழே வெளியேறும். அங்கிருந்து இறக்கையின் அடிவரை கரி படியவேண்டும். எஞ்சின் மூடிக்குப் பின்னால் மெல்லிய எண்ணெய்க் கசிவு, 20 மி.மீ. பீரங்கி முனையில் லேசான கருமை, விமானி ஏறி மிதிக்கும் இடத்தில் தேய்மானம், மேற்பரப்பில் வெயில் வெளுப்பு. இதை ஏர்பிரஷில் மிக நீர்க்கக் கலந்து, அடுக்கடுக்காக அடிக்கவேண்டும். (நம்மூர்ப் பங்குனி வெயிலில் அக்ரிலிக் முனையிலேயே காய்ந்துவிடும், விடிகாலைதான் சரி.) உரிப்பதைவிட இது கடினம், பொறுமையும் கேட்கும்.

அகாகியிலிருந்து திருகோணமலைக்கு வந்த ஸீரோவைச் செய்பவர்களே, விமானத்தின் உடலில் அக்கப்பலின் ஒற்றைச் சிவப்புப் பட்டையைத் தீட்டுங்கள், கரியைப் படியவிடுங்கள். வெள்ளிப் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.