இரைச்சல் யார் வீட்டிலிருந்து வந்தது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ரேடியோ பற்றியது. ஆனால் ரேடியோ பிடிக்காதவர்களும் படிக்கலாம். நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது என்பதால் சுவாரசியமாகவே இருக்கும்!

நான் ஹாம் ரேடியோ வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு வரி. மத்திய அரசின் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, நம் வீட்டிலிருந்தே மற்ற உரிமதாரர்களுடன் வானொலியில் பேசுவது. வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. நான் 1991இல் உரிமம் வாங்கினேன். அதற்கு இரண்டு வருடம் கழித்து அறிமுகமானவர் திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவர். தபால் துறையில் இருந்தவர். இப்போது வயது 78. தினமும் காலை ஏழரை மணிக்கு 40 மீட்டர் அலைவரிசையில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில், பத்து நிமிடம் பேசுவோம். கும்பகோணத்துக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். நேரில் பார்த்தது மூன்றே முறைதான். என் மனைவி இறந்தபோதும் மறுநாள் காலை ஏழரைக்கு அவர் குரல்தான் எனக்கு முதலில் கேட்டது.

சென்ற வருடம் மார்ச் மாதம் ரேடியோவில் 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் தொடங்கியது. மழை நேரத்து இடி இரைச்சல் விட்டு விட்டு வரும். இது அப்படி இல்லை. அணைக்காத மிக்சி மாதிரி விடாமல் ஓடியது. சிக்னல் மீட்டரின் முள் வழக்கமாக 3இல் நிற்கும். இப்போது யாரும் பேசாதபோதே 8இல் நின்றது. வால்யூமைக் கூட்டினால் குரலும் கூடும், இரைச்சலும் கூடும். செட்டில் 'நாய்ஸ் பிளாங்கர்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஸ்கூட்டர் பிளக்கின் தீப்பொறி போல டக் டக் என்று வரும் இரைச்சலைத்தான் அது வெட்டும். இதற்கு அது பயன்படவில்லை.

நண்பரின் குரல் அந்த இரைச்சலுக்குள் முங்கிப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "உங்க சிக்னல் ரொம்ப வீக்கா இருக்கு சார். ஆன்டெனாவைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

அவரும் பார்த்தார். முழங்கால் வலியோடு ஏணி வைத்து மொட்டை மாடியில் ஏறி, கம்பியை இறக்கி, முனைகளைச் சுரண்டி, மறுபடி ஏற்றினார். ஒரு வாரத்தில் இரண்டு முறை. பிறகு போனில் கூப்பிட்டுச் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க எனக்கு அஞ்சு ஒன்பதுல வர்றீங்க." ஐந்து ஒன்பது என்றால் தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று பொருள்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருந்தது. எங்கள் இருவர் செட்டும் ஏறக்குறைய ஒரே சக்தி கொண்டவை. நான் போகும் வழியில்தான் அவரும் வருகிறார். என் குரல் அங்கே நன்றாகப் போய்ச் சேர்ந்தால் அவர் குரலும் இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் கோளாறு நான் கேட்கும் இடத்தில். முப்பத்து நான்கு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை.

தோன்றியது வேறொன்று. பக்கத்து வீட்டில் ஒரு பெண் தையல் வேலை செய்கிறாள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். அந்த மார்ச்சில்தான் மகளிர் குழுவில் கடன் வாங்கி, மெஷினுக்குப் புது சர்வோ மோட்டார் போட்டிருந்தாள். அந்த வகை மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி ரேடியோவில் இரைச்சல் கிளப்பும் என்று எங்கோ படித்திருந்தேன். பொதுவாக அது உண்மைதான். ஒரு மே மாதக் காலையில் நேரே போய், வாசலிலேயே நின்று, "உன் மோட்டாரால என் ரேடியோ கெட்டுப் போச்சு" என்று குரலை உயர்த்திவிட்டேன். தைக்க வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்க சார், காலைல ஒன்பது மணி வரைக்கும் ஓட்டல" என்றாள். பள்ளிச் சீருடை தைக்கும் காலம் அது. அவளுக்கு வருடத்தின் பாதி வருமானம் அந்த ஒன்றரை மாதத்தில்தான்.

ஒரு வாரம் அவள் மெஷின் காலையில் ஓடவில்லை. இரைச்சல் குறையவும் இல்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். 'அவள் வீட்டில் வேறு ஏதாவது ஓடுகிறதோ' என்றுதான் யோசித்தேன்.

ஜூனில் ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து மின்தடை. சும்மா இருக்கிறோமே என்று செட்டை 12 வோல்ட் பேட்டரியில் இணைத்துப் போட்டேன். முள் 3இல் நின்றது. மூன்று மாதமாகக் கேட்காத நிலையங்கள் எல்லாம் கேட்டன. சரி, மின்சாரத்தில் ஓடும் ஏதோ ஒன்றுதான். ஆனால் யாருடையது? தெருவுக்கே கரண்ட் இல்லாதபோது அதைச் சொல்ல முடியாது.

மறுநாள் முதல்முறையாக முறைப்படி செய்தேன். முதலில் ஆன்டெனாவைக் கழற்றினேன். இரைச்சல் போனது. ஆக, செட்டுக்குள் கோளாறு இல்லை, வெளியிலிருந்துதான் வருகிறது. ஆன்டெனாவை மாட்டி, செட்டைப் பேட்டரியில் ஓட விட்டு, என் வீட்டு மெயின் சுவிட்சை மட்டும் அணைத்தேன்.

இரைச்சல் நின்றது. மணி பத்தரை. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான். "அப்பா, கேமரா ஆஃப்ல இருக்கு. நல்லாத்தானே இருக்கீங்க?" தனியாக இருக்கிறேன் என்று பிப்ரவரியில் வந்தபோது கூடத்தில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போயிருந்தான். மெயினைப் போட்டு, ஒவ்வொரு எம்சிபியாக அணைத்துப் பார்த்தேன். கூடத்தின் எம்சிபியை அணைத்ததும் முள் விழுந்தது. பிறகு பிளக் பிளக்காகப் பிடுங்கினேன். கேமராவின் அடாப்டர்தான்! கையளவு கறுப்புப் பெட்டி.

அதற்குள் நடப்பது இதுதான். 230 வோல்ட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி 12 வோல்ட்டாக இறக்குகிறார்கள். அப்படி வெட்டும்போது பல மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் கிளம்பும். நல்ல தயாரிப்பில் அதைத் தடுக்க வடிகட்டி வைப்பார்கள். மலிவானதில் அதை விட்டுவிடுவார்கள். இரைச்சல் வீட்டு ஒயரிங்கில் ஏறிவிடும். அப்போது வீட்டின் மொத்த ஒயரும் அதை ஒலிபரப்பும் ஆன்டெனா ஆகிவிடும்.

மகன் வைத்த கேமராவை எடுக்க மனமில்லை. அடாப்டரை மட்டும் மாற்றினேன். டிரான்ஸ்பார்மரும் ரெகுலேட்டரும் வைத்த பழைய பாணி 12 வோல்ட் சப்ளை ஒன்று. கனம்தான், சூடாகவும் ஆகும், ஆனால் சத்தம் போடாது. முள் 8இலிருந்து 5க்கு வந்தது. இரண்டு எல்இடி பல்புகள் மிச்ச இரைச்சலில் பங்கு வைத்திருந்தன. மாற்றியதும் 4.

கடைசியாக ஆன்டெனா. அதன் கேபிள் சுவரை ஒட்டி, மின் ஒயர்களோடு கூடவே இறங்கியது. கேபிளின் வெளி உறை வழியாகவும் இரைச்சல் ஏறும். ஆன்டெனாவைக் கொல்லைப்புற வேப்பமரத்துக்கு நகர்த்தி, கேபிளை ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றினேன். லேப்டாப் ஒயரில் உருளையாகப் புடைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கட்டி இருக்குமே, அதே பொருள்தான். ஒரு முறை நுழைத்தால் இந்த அலைவரிசையில் பெரிய பலன் இல்லை. சுற்றுகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். முள் பழையபடி 3.

8இலிருந்து 3 என்றால் ஐந்து படி. ஏட்டுக் கணக்கில் ஒரு படிக்கு 6 டெசிபெல். மொத்தம் 30 டெசிபெல். அதாவது இரைச்சலின் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. நண்பர் தன் செட்டை ஆயிரம் மடங்கு பலமாக்கியிருந்தால்தான் எனக்கு அதே பலன் கிடைத்திருக்கும். அவரைத்தான் ஏணியில் ஏற்றினேன்.

அடுத்த நாள் ஏழரைக்கு அவரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "ஒரு லாபம் சார். ஆன்டெனா முனையெல்லாம் புதுசு மாதிரி ஆயிட்டு" என்றார்.

பக்கத்து வீட்டுக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று சத்தம் போட்ட அதே வாசலில், வேலைக்கு ஆள் இருக்கும் நேரம் பார்த்தே போனேன். "தப்பு என் வீட்லதாம்மா. உன்னைச் சொன்னது தப்பு. இனிமே எப்ப வேணா ஓட்டிக்க" என்றேன்.

"அதுக்கென்ன சார்" என்றாள். "சீருடை என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "குடுத்துட்டேன் சார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து தச்சேன்." குறையாகச் சொல்லவில்லை. காபி கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்வது?

லைசென்ஸ் தேவைப்படாத 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்ட் செட் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். வண்டியில் வைத்திருந்தால் எஞ்சினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது உங்கள் வண்டியிலிருந்துதான் வருகிறது. செட்டின் ஒயரைப் பியூஸோடு நேரே பேட்டரியிலிருந்து எடுங்கள். எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்குங்கள். பழைய ரேடியோவில் ஆகாசவாணி கேட்பவர்கள், மெயினை அணைத்து செல் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

 ஏழரை ஆகப் போகிறது. நண்பர் காத்திருப்பார்.