ஆடியோ சிடியா, டேட்டா சிடியா?

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவரின் பணப் பாக்கி வழக்கு அது. பச்சைத் தேயிலை வாங்கிய ஏஜென்ட், தர வேண்டியது எதுவும் இல்லை என்று எதிர்வழக்குரையில் சாதித்திருந்தார். ஆனால் பாக்கித் தொகையைச் சொல்லி, "அடுத்த மாசம் தந்துடுறேன்" என்று அவர் பேசியது விவசாயியுடைய மகனின் செல்போனில் பதிவாகியிருந்தது.

அதை சிடியில் போட்டு எடுத்து வந்தார் கட்சிக்காரர். "பேச்சுன்னா ஆடியோ சிடிதான் சரி, டேட்டா சிடி ஆகாதுன்னு கடையில சொன்னாங்க, வக்கீலய்யா. விலையும் கூட" என்றார்.

வெற்றுத் தகட்டில் அப்படியொரு தரபேதம் கிடையாது. 'மியூசிக்' என்று அச்சிட்ட சிடி-ஆரில் கூடுதலாக இருப்பது ஓர் அடையாளக் குறியீடு. வீட்டு உபயோகத்துக்கான தனி ஆடியோ ரெக்கார்டர்கள் அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் பதிவு செய்யும். அமெரிக்காவில் 1992இல் வந்த சட்டப்படி, இசை உரிமையாளர்களுக்கான தொகை அந்தத் தகட்டின் விலையில் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றே.

வேறுபாடு எழுதும் முறையில் இருக்கிறது. வழக்குக்கு முக்கியமும் அதுதான். சிடியில் செக்டார் எனப்படும் ஒவ்வொரு சிறு பகுதியிலும் 2,352 பைட் இடம் உண்டு. ஆடியோவாக எழுதினால் அத்தனையும் ஒலிக்கே போகும். டேட்டாவாக எழுதினால் 2,048 பைட்டில் கோப்பு. மீதி 304 பைட் முகவரிக்கும் பிழை கண்டு திருத்துவதற்கும். தகட்டில் கீறல் விழுந்து திருத்த முடியாமல் போனால், ஆடியோ பிளேயர் முன்பின் ஒலியை வைத்து இடைவெளியை யூகித்து நிரப்பிவிடும். பாட்டுக்கு அது போதும். சாட்சியத்தில் யூகம் கலக்கலாமா? தவிர, ஆடியோவாக மாற்றும்போதே கோப்பின் பெயர், பதிவான தேதி, நேரம் எல்லாம் போய்விடும்.

செல்போனில் இருந்த மூலக்கோப்பை மாற்றாமல் டேட்டா சிடியில் எழுதச் சொன்னேன். அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்ட சான்றிதழில் போனின் சொந்தக்காரரான மகன் கையெழுத்திட்டார். அந்தச் சான்றிதழ் இல்லாத சிடி நகல் சாட்சியமாகாது என்று அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதுவும் தேர்தல் பாட்டும் பேச்சும் அடங்கிய சிடிக்களைப் பற்றிய வழக்குதான்.

ஒலிப்பதிவு வெட்டி ஒட்டியது என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்தது. மகன் அசையவில்லை. கோப்பின் தேதி, இலை போட்ட சீட்டுகளின் தேதிகளோடு பொருந்தியது. நீதிமன்றம் பதிவை ஏற்றது. பாக்கிக்குத் தீர்ப்பாணை கிடைத்தது.

பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அந்த மதிப்பு, அதில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும். ஆகவே மூலக்கோப்பை அழிக்காதீர்கள், வடிவம் மாற்றாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் இலை போடும் விவசாயிக்கு, அந்தக் கோப்புதான் ஒப்பந்தப் பத்திரம்.