கற்றளமும் காப்புப் பூச்சும்

கல் எதனையும் பருகாது என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். அஃது உண்மையன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் கல்லிலும் உள. அவற்றின் வழியே நீரும் எண்ணெயும் உட்புகும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாய் வெளியேறும். எனினும், எல்லாக் கல்லும் ஒரே அளவிற் பருகுவதில்லை. எங்கள் புதுக்கோட்டைச் சீமையின் கருங்கல் மிகச் சிறிதே பருகும். ஆந்திர நாட்டிலிருந்து வரும் கடப்பைக் கல்லோ சுண்ணாம்புக்கல் இனத்தது. புளிப்புப் பொருள் எதுவும் அதற்குப் பகை. இவ்வேறுபாட்டை உணராது தளத்தின்மேற் பூச்சு இடுவதால் விளையும் கேட்டையும், அதனை நீக்கும் வகையையும், யான் கண்டவாறு ஈண்டுக் கூறுவேன்.

திருமயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் எங்கள் முன்னோர் இல்லம் உள்ளது. அதன் தாழ்வாரத்திற் கருங்கற்பலகைகளும், அடுக்களையிற் கடப்பைக் கற்களும் என் பாட்டனார் காலத்தில் பாவப்பட்டவை. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் புதுக்க அமர்த்தப்பட்ட ஒப்பந்தக்காரர் ஒருவர், கறை படியாதிருக்கும் எனச் சொல்லி, ‘சீலர்’ என்னும் காப்புப் பூச்சைத் தளம் முழுதும் இடுவித்தார். தாழ்வாரத்தில் இட்டது கல்லினுள் ஊறிக் காக்கும் வகையினது. அதனை மெல்லெனப் பரப்பிச் சில நிமிடங்களில் எஞ்சியதைத் துடைத்தெடுத்தல் வேண்டும். வேலையாட்களோ இருமுறை தாராளமாக ஊற்றித் துடையாமலே உலரவிட்டனர். கருங்கல் பருகாது விட்ட மிகுதியெல்லாம் மேலே தங்கிப் பால் படர்ந்தாற்போல் மங்கிற்று. நடப்பார் காலடியெல்லாம் அதிற் பதிந்தது. அடுக்களையில் இட்டதோ மேலே ஏடுபோற் படியும் அக்ரிலிக் பூச்சு. கீழிருந்த ஈரம் வெளியேற வழியின்றி வெண்புள்ளிகளாய்த் தோன்றிற்று. பூச்சும் ஆங்காங்கே உரியலாயிற்று. ஒருநாள் நீர் சிந்திய அவ்விடத்தில் என் பாட்டியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

அதன்பின் அறிவுரை கூறுவார் பலராயினர். ‘ஆசிட் ஊற்றிக் கழுவுங்கள்’ என்றார் ஒருவர். ‘இயந்திரத்தால் இழைத்துவிடுங்கள்’ என்றார் மற்றொருவர். ‘எல்லாவற்றையும் பெயர்த்து டைல்ஸ் பதியுங்கள்’ என்றார் பிறிதொருவர். பாட்டியார் மட்டும், கட்டிட்ட கையோடு, “அவர் முன்நின்று பாவிய கல். நான் இருக்குமட்டும் ஒருவரும் கடப்பாரை வைக்கக் கூடாது” என்று உறுதியாய்ச் சொல்லிவிட்டார்.

அயலூரில் வாழும் முதிய கல்தச்சர் ஒருவரை அழைத்துவந்து காட்டினோம். அவர் தரையில் அமர்ந்து நகத்தாற் சுரண்டிப் பார்த்து, “தம்பி, கல்லுக்கு ஒரு நோயும் இல்லை. மேலே கிடப்பதுதான் நோய். எதிலே கரைத்துப் பூசினார்களோ அதைக் கொண்டே எடுக்கவேண்டும்” என்றார். அச்சொல்லே எங்கட்கு வழிகாட்டியாயிற்று.

காலியான தகரத்தின்மேல் அச்சிட்டிருந்த குறிப்பைப் படித்து, அதிற் கூறிய கரைப்பானை வாங்கினோம். முதலில் ஒருவர் கண்ணிலும் படாத மூலையில் ஓரடிச் சதுரத்தில் மட்டும் சோதித்தோம். கரைப்பானைத் தடவிச் சற்றுப் பொறுக்க, உலர்ந்த மிகுதி இளகிற்று. வெண்ணிற நைலான் பட்டையால் மெல்லத் தேய்த்து, மீண்டும் உலருமுன் பருத்தித் துணியால் துடைத்தெடுக்கக் கல்லின் இயல்பான நிறம் வெளிப்பட்டது. அங்ஙனமே பலகை பலகையாய் முன்னேறினோம். அவ்வாவி தீப்பற்றுவதாகலின் கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, விளக்கும் அடுப்பும் மூட்டாது பார்த்துக்கொண்டோம். நனைந்த துணிகளைக் குவியாது முற்றத்தில் விரித்து உலர்த்தினோம். பூச்சிட்டுச் சில மணி நேரமே ஆகியிருப்பின், அதே சீலரை மீண்டும் சிறிது தடவி உடனே துடைத்தாலே போதியதாம்.

அடுக்களைக்கு வேறு முறை. கற்றளங்களுக்கென விற்கும் காரத்தன்மையுள்ள நீக்கியைத் தடவி, ஏடு இளகியபின் மரத்தகட்டால் வழித்து, பன்முறை நீரால் அலம்பினோம். ஆசிட் ஒரு துளியும் சேர்த்தோமல்லேம். கடப்பைக் கல்லில் அது பட்டால் நுரைத்துக் கல்லையே அரிக்கும். புளியும் எலுமிச்சையும் கூட மெருகைக் கெடுக்கும். பின்னர்ப் பல நாள் உலரவிட்டு, கல்லின்மேல் நீர்த்துளி வைத்துப் பத்து நிமிடம் நோக்கினோம். கருங்கல்லிற் பெரும்பாலும் நிறம் மாறவில்லை. ஆகவே அதற்குப் பூச்சே வேண்டாமென விடுத்தோம். கறுத்துக் காட்டிய சில பலகைகட்கு மட்டும் மெல்லிதாய் இட்டு உடனே துடைத்தோம்.

காப்பதற்கென இட்டதே கேடாய் முடிதல் எங்கள் வீட்டளவில் நிற்பதன்று. 1920-ஆம் ஆண்டை ஒட்டி, ஐதராபாத்து நிசாம் அரசு அசந்தா ஓவியங்களைப் பேண இத்தாலிய வல்லுநர் செக்கோனியை வருவித்தது. அவர்கள் இட்ட அரக்கு வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்துக் கறுத்து ஓவியங்களை மறைத்தது. தொல்லியல் துறையின் வேதியியலார் பின்னாளில் அதனைச் சிறிது சிறிதாய்க் கரைத்தெடுக்க நேர்ந்தது. நீக்கும் முறை முரடானால் வரும் கேடு அதனினும் பெரிது. நம் தமிழகக் கோயில்கள் சிலவற்றிற் படிந்த வண்ணத்தையும் சுண்ணத்தையும் மணல் வீச்சால் அகற்றியபோது, கல்வெட்டெழுத்துகளும் சிற்பங்களின் நுண்மையும் தேய்ந்தன. அம்முறை பின்னர்த் தடுக்கப்பட்டது. எங்கள் குடுமியான்மலை இசைக் கல்வெட்டை ஒருமுறை கண்டார், அத்தகைய எழுத்துகள் தேய்வது எத்துணைப் பேரிழப்பென உணர்வர்.

ஆகலின் நண்பர்காள், கற்றளத்திற்குப் பூச்சு இடுமுன் அது வேண்டுமா என நீர்த்துளியால் அக்கல்லையே வினவுமின். வேண்டுமாயின், பூசும் கையைவிடத் துடைக்கும் கைக்கு மிகுதியாய் வேலை கொடுமின். பிழை நேர்ந்தவிடத்துக் கல்லைத் தண்டியாது, அதன்மேற் கிடப்பதை மட்டும் பொறுமையோடு கரைத்தெடுமின். பாட்டன் பாவிய தளம் பேரன் காலத்தும் நிற்க இதுவே நெறியாகும்.